காட்சிக்கு ஒவ்வாத பாட்டு

புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் என்று ஒரு புலவர் வருகிறார். பரிசில் வேண்டி அதியமான் என்ற குறுநில மன்னனிடம் போனார். அவன் இவரை நேரில் பாராமலேயே பரிசிலைக் கொடுத்தனுப்பினான். புலவர் அதை வாங்கவில்லை. என் முகம் பாராமல், என் தகுதி அறியாமல் தரும் பொருளை எடுத்துக்கொண்டு போக நான் விலை பேச வந்தவன் இல்லை என்ற பொருள்பட ஒரு பாட்டுப் பாடிவிட்டுத் திரும்பினார். கலைஞனின் தன்மானத்துக்கு நம் மொழியில் இருக்கும் மிக உயர்ந்த சான்றுகளில் இது ஒன்று. நம் நெஞ்சில் ஆழமாக ஊறிய ஓர் எண்ணமும் இதற்குள் இருக்கிறது. கொடுப்பவன் கலையை அறிந்து கொடுக்க வேண்டும். கொடுத்தாலும் மறுத்தாலும் அது கலையின் தரத்தைப் பற்றிய தீர்ப்பாகவே இருக்க வேண்டும் என்ற எண்ணம் அது. இன்று நான் பேசப்போகும் தொழிலுக்குள் இந்த எண்ணத்தைச் சுமந்துகொண்டு போகிறவர்கள் மிகவும் அடிபடுகிறார்கள். அந்த வலி என்னை உறுத்துகிறது. அதில் பெரும்பகுதி தேவையில்லாதது என்பதுதான் என் வாதம்.

சொந்தமாக இயற்றிப் பதிவு செய்த பாடல்களைத் தொலைக்காட்சித் தொடர்களுக்குக் கொடுப்பதுதான் அந்தத் தொழில். ஏற்கெனவே இருக்கும் ஒரு பாட்டைப் படக்காட்சியோடு சேர்த்துக்கொள்ளத் தரும் அனுமதியை 'சிங்க் லைசென்ஸ்' என்கிறார்கள். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இது தனித்தொழிலாக வேரூன்றிவிட்டது. அங்கே காட்சிக்கு ஏற்ற பாட்டைத் தேடிப் பிடித்து, உரிமை பேசி வாங்கித் தருபவருக்கு மியூசிக் சூப்பர்வைசர் என்று பெயர். 2010இல் அமெரிக்காவில் அவர்களுக்கென்று ஒரு சங்கம் அமைந்தது. 2017இல் எம்மி விருதுகளில் அவர்களுடைய வேலைக்குத் தனிப் பிரிவு வந்தது. 'பிக் லிட்டில் லைஸ்' தொடருக்காக சூசன் ஜேக்கப்ஸ் அதை முதலில் பெற்றார். நம் ஊர் சீரியல்களில் தலைப்புப் பாட்டைப் பெரும்பாலும் சொல்லிச் செய்விக்கிறார்கள். அதனால் இருக்கும் பாட்டைக் கொண்டுபோய்க் காட்டி விற்கும் இந்த ஏற்பாடு நமக்கு அவ்வளவு பழக்கமில்லை. இணையம் வந்த பிறகு எந்த ஊரிலிருந்தும் பாட்டை அனுப்பலாம் என்றாகிவிட்டது. எந்த ஊரிலிருந்தும் மறுப்பை வாங்கலாம் என்றும் ஆகிவிட்டது.

அந்த மறுப்பு எப்படிப் பிறக்கிறது என்று பக்கத்தில் போய்ப் பார்ப்போம். ஒரு காட்சியை மனத்தில் வையுங்கள். ஒரு பெண் தன் வீட்டைக் காலி செய்கிறாள். கடைசி அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருகிறாள், பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு வார்த்தை பேசுகிறார், கார் கிளம்புகிறது. 48 நொடி. சூப்பர்வைசரிடமிருந்து 'பிரீஃப்' வருகிறது: பெண் குரல், கிடார், துக்கம் வேண்டும், அழுகை கூடாது, நாளைக் காலைக்குள் வேண்டும். ஐந்து நல்ல பாட்டுகள் வந்து சேருகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் பாட்டில் 20 நொடி வெறும் கிடார்; குரல் எழும் இடமும் பக்கத்து வீட்டுக்காரர் வாய் திறக்கும் இடமும் ஒன்றாக விழுகின்றன; பேச்சும் வரியும் முட்டிக்கொள்கின்றன. இரண்டாவது பாட்டின் பல்லவியில் சிகாகோ என்ற ஊர்ப்பெயர் வருகிறது. கதை நடப்பதோ ஒரேகானில். மூன்றாவது பாட்டு அச்சில் வார்த்தது போலப் பொருந்துகிறது. ஆனால் கூட எழுதிய நண்பர் பங்குப் பிரிவினைத் தாளில் கையெழுத்துப் போடவில்லை. நான்காவதும் பொருந்துகிறது, அதன் தாளத்தில் ஒரு பழைய இசைத்தட்டிலிருந்து வெட்டியெடுத்த துண்டு ஒன்று அனுமதி இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஐந்தாவது எல்லாருக்கும் பிடித்துப்போகிறது. அதற்குள் அத்தியாயம் நீளமாகிவிட்டது என்று எடிட்டர் 48 நொடியை 11 நொடியாக நறுக்கிவிடுகிறார், பாட்டுக்கே இடமில்லை. ஐந்து பேருக்கும் கிடைக்கும் பதில் ஒன்றேதான்: மௌனம். அந்த மௌனத்தை வீட்டில் உட்கார்ந்து வாசிக்கும் ஐந்து பேரும் அதில் ஒரே வாசகத்தைத்தான் படிப்பார்கள்: என் பாட்டு சரியில்லை. ஐந்தில் ஒன்றுகூட அந்தக் காரணத்தால் விழவில்லை.

இதன் பின்னால் இருக்கும் பொறியமைப்பையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு உரிமைகள் உண்டு. மெட்டும் வரியும் சேர்ந்த படைப்புரிமை ஒன்று. அந்தப் பாட்டைப் பதிந்த ஒலிப்பதிவின் உரிமை, அதாவது மாஸ்டர், இன்னொன்று. இரண்டுக்கும் அனுமதி கிடைத்தால்தான் பாட்டு திரைக்குப் போகும். இரண்டும் ஒரே கையில் இருந்தால் அவசரத்தில் இருப்பவர்களுக்கு நிம்மதி. நாலு பேரிடம் பிரிந்து கிடந்தால் நாலு பேரையும் எழுப்ப வேண்டும். இதற்கு மேல் இயக்குநர், தொடரின் கதைத் தலைவர், ஸ்டுடியோ, சேனல் என்று படிப்படியாக ஆட்கள். சூப்பர்வைசர் ஒரே காட்சிக்குப் பல பாட்டுகளைக் கொண்டுபோய் வைப்பார். ஒன்றைத் தவிர மற்றவை அவர் கண்ணெதிரிலேயே விழும். அவர் ஆசையோடு தேர்ந்ததும் விழும். நம்மை மறுப்பதாக நாம் நினைக்கும் மனிதரே நாள் முழுக்க மறுப்பு வாங்கிக்கொண்டிருப்பவர்தான். சில சமயம் பாட்டு வைக்கக் காட்சியே இருக்காது. 2023இல் ஹாலிவுட் எழுத்தாளர்கள் 148 நாளும் நடிகர்கள் 118 நாளும் வேலைநிறுத்தம் செய்தார்கள். படப்பிடிப்புகள் நின்றன. எடுக்காத காட்சிக்குப் பாட்டு எதற்கு? அந்த மாதங்களில் அனுப்பிய பாட்டுக்குப் பதில் வரவில்லை என்றால், அதில் பாட்டின் தரத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

மறுப்பு தரத்தைப் பற்றிய தீர்ப்பல்ல என்பதற்கு நான் காட்டக்கூடிய மிகக் கடுமையான சான்று தொலைக்காட்சியில் இல்லை, சினிமாவில் இருக்கிறது. எடிட்டிங் மேசையில் நடப்பது இரண்டிலும் ஒன்றுதான் என்பதால் அதைச் சொல்கிறேன். இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் தம் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்துக்கு அலெக்ஸ் நார்த் என்ற இசையமைப்பாளரை அமர்த்தினார். நார்த் அப்போதே பெரிய பெயர். 'அன்செயின்ட் மெலடி' என்ற மெட்டு அவருடையது. 40 நிமிடத்துக்கு மேல் இசை எழுதிப் பதிவும் செய்து கொடுத்தார். குப்ரிக்கோ படத்தை வெட்டி ஒட்டும்போது தற்காலிகமாக ரிச்சர்ட் ஸ்ட்ராஸ், லிகெட்டி ஆகியோரின் இசையையும், ஜோஹான் ஸ்ட்ராஸின் 'நீல டான்யூப்' இசையையும் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படிப் போடுவதை 'டெம்ப் டிராக்' என்பார்கள். மாதக்கணக்கில் கேட்டுக் கேட்டு அவர் காது அதிலேயே பழகிப்போனது. கடைசியில் அதையே வைத்துக்கொண்டார். தம் இசையில் ஒரு சுவரம்கூடப் படத்தில் இல்லை என்பது 1968இல் படம் திரையிடப்பட்டபோதுதான் நார்த்துக்குத் தெரிந்தது. இதைவிடக் கொடுமையாக ஒருவரை மறுக்க முடியுமா? அந்த இசை மோசமாக இருந்ததா என்று கேட்டால், அவர் அதிலிருந்த சரக்கைப் பின்னால் வேறு படங்களில் எடுத்துப் பயன்படுத்தினார்; அவற்றில் ஒன்றான 'டிராகன்ஸ்லேயர்' 1981ஆம் ஆண்டுப் படங்களுக்கான ஆஸ்கர் இசைப் பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றது. 1993இல் அவருடைய நண்பரான இசையமைப்பாளர் ஜெர்ரி கோல்ட்ஸ்மித் அந்த மறுக்கப்பட்ட இசை முழுவதையும் வாசிக்க வைத்து இசைத்தட்டாகக் கொண்டுவந்தார். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே நார்த் காலமாகிவிட்டார்.

மறுப்பு ஒரு திசையில் மட்டும் பாய்வதாக நினைப்பதும் தவறு. 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரைத் தொடங்கியபோது முகப்புக்கு ஆர்.இ.எம். குழுவின் 'ஷைனி ஹாப்பி பீப்பிள்' பாட்டைத்தான் விரும்பினார்கள். குழு தர மறுத்துவிட்டது. அந்த மறுப்பால்தான் ரெம்ப்ராண்ட்ஸ் குழு பாடிய புதுப் பாட்டு பிறந்தது. ஆர்.இ.எம். மறுத்ததால் அந்தத் தொடர் மட்டமானது என்று யாரும் முடிவு கட்டவில்லை. தயாரிப்பாளர்களும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வழியைப் பார்த்தார்கள். வாங்குகிறவன் மறுப்பை இத்தனை இலகுவாக எடுத்துக்கொள்ளும்போது விற்கிறவன் மட்டும் ஏன் அதைத் தலையெழுத்தாக எடுத்துக்கொள்ள வேண்டும்?

காலமும் தன் வேலையைச் செய்கிறது. 'கர்ப் யுவர் என்தூசியாசம்' என்ற நகைச்சுவைத் தொடர் 2000இல் தொடங்கியது. அதன் முகப்பு இசை அந்தத் தொடருக்காக எழுதியதே இல்லை. லூசியானோ மிக்கேலினி என்ற இத்தாலியர் 1974இல் ஓர் இத்தாலியப் படத்துக்கு எழுதியது அது. ஒரு வங்கி விளம்பரத்தில் அதைக் கேட்ட, தொடரின் படைப்பாளர் லாரி டேவிட் மனத்தில் வைத்திருந்து, பின்னால் தம் தொடருக்காகத் தேடிப் பிடித்தார். கால் நூற்றாண்டுக்குப் பிறகு, எழுதியவர் கனவிலும் எண்ணியிராத ஒரு கதைக்கு அது முகமாயிற்று. பாடகி கேட் புஷ் 1985இல் வெளியிட்ட 'ரன்னிங் அப் தட் ஹில்' அப்போது பிரிட்டன் பட்டியலில் மூன்றாம் இடம் வரை போனது. 2022இல் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் வந்த பிறகு முதலிடம் பிடித்தது. அந்த 37 ஆண்டுகளில் பாட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியது, பாட்டுக்கு எதிரே வந்து நின்ற காட்சி.

இங்கே ஓர் எதிர்ப்பு எழும், எழ வேண்டும். வென்றவர்களைப் பொறுக்கியெடுத்துக் காட்டுகிறீர்கள். கேட் புஷ் ஏற்கெனவே புகழ் பெற்றவர். எவர் காதிலும் விழாமல் கிடக்கும் ஆயிரமாயிரம் பாட்டுகளுக்கு என்ன பதில் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பொறுத்தால் பூமி ஆளலாம் என்று நான் சொல்லவரவில்லை. காத்திருந்த பாட்டெல்லாம் ஒருநாள் திரைக்கு வரும் என்பது பொய், பெரும்பாலானவை வராது. ஓர் இடத்துக்கு நூறு பாட்டு போட்டியிட்டால், நூறும் முதல்தரமாக இருந்தாலும் 99 வெளியேதான் நிற்கும். இது கூட்டல் கழித்தல் கணக்கு. நான் சொன்ன கதைகள் வெற்றிக்கு உறுதிமொழி தருபவை அல்ல. அவை காட்டுவது இன்னும் சிறிய, ஆனால் உறுதியான ஒன்றை: மறுப்பு என்பது தரத்தை அளக்கும் கருவியாக வேலை செய்யவில்லை. ஒரே இசையை ஓர் இயக்குநர் தூக்கி எறிகிறார். அதன் சரக்கு இன்னொரு படத்தில் விருதுப் பட்டியலுக்குப் போகிறது. அப்படியானால் அந்தத் தராசில் பாட்டை நிறுக்க முடியாது. கோணல் தராசில் வந்த எடையைப் பார்த்துப் பாட்டைக் குப்பையில் போடுவதும் தவறு. மாற்றிமாற்றி எழுதிச் சிதைப்பதும் தவறு.

அடுத்த எதிர்ப்பு இன்னும் கூர்மையானது. இப்படிச் சொல்லிச்சொல்லியே மட்டமான பாட்டு எழுதுகிறவனும் தேறுதல் அடைந்துவிடுவானே, உண்மையாகவே சரியில்லாத பாட்டும் உண்டே என்பது. உண்டு. சுருதி விலகிய குரல், ஊரெல்லாம் கேட்டுச் சலித்த மெட்டு, குழம்பிய ஒலிக்கலவை எல்லாம் உண்டு. அதனால்தான் மறுப்புகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்கிறேன். ஒருவர் மௌனமாக இருந்தால் அதில் செய்தி கிடையாது. ஒருவர் ஒரு குறை சொன்னால் அது அவர் ரசனையாக இருக்கலாம். ஒருவரை ஒருவர் அறியாத மூன்று பேர் மூன்று சமயத்தில் ஒரே குறையைச் சொன்னால், குரல் கலவையில் அமுங்கிக் கிடக்கிறது என்றால், அப்போது உட்கார்ந்து கேட்க வேண்டும். அது மறுப்பு என்ற உறைக்குள் வந்த பாடம். இன்னொரு வகை மறுப்பு முழுக்க நம் கையில் இருப்பது. வரியில்லாத வாத்திய வடிவம் கேட்டார்கள், இல்லை. குரலும் தாளமும் தனித்தனியாகப் பிரிந்த ஸ்டெம் கோப்புகள் கேட்டார்கள், பழைய கணினியோடு போய்விட்டன. கோப்பைத் திறந்தால் 'ஃபைனல் மிக்ஸ் 3' என்று மட்டும் பெயர். யார் எழுதியது, யாரைத் தொடர்பு கொள்வது என்ற விவரம் ஒன்றும் இல்லை. பாட்டு தேய்ந்துதேய்ந்து மறைகிறது. காட்சிக்கோ பட்டென்று முடியும் முடிவு தேவைப்படுகிறது. இவற்றால் விழும் பாட்டுக்காக வருந்துவதைவிட ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கிச் சரிசெய்துவிடலாம். மனம் உடைந்தவர்கள் பெரும்பாலும் இந்த வேலையைச் செய்வதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். ஆறு மாதம் பாட்டின் உயிரைச் சந்தேகிப்பார்கள்; கோப்பின் பெயரை மாற்ற ஆறு நிமிடம் ஒதுக்க மாட்டார்கள்.

அப்படியானால் அவர்கள் கேட்கிறபடி எழுதிக் கொடுத்துவிடலாமே, சொந்தப் பாட்டு எதற்கு என்பார் உண்டு. எழுதலாம், அதில் இழிவு எதுவும் இல்லை. பிரீஃப் பார்த்து எழுதுவது தச்சர் அளவெடுத்துக் கதவு செய்வது மாதிரி நேர்மையான தொழில். ஆனால் மறுப்பின் வலி தாங்காமல் அதற்குத் தாவுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அளவெடுத்துச் செய்த கதவும் மறுக்கப்படும். வாசலையே கட்டாமல் விட்டுவிடுவார்கள். அந்தக் காட்சிக்கென்று செய்தது வேறு வாசலில் பொருந்துவதும் கடினம். இன்னொருவர் பாட்டின் சாயலில் எழுது என்ற பிரீஃப் வந்தால் அதை நெருங்கநெருங்க வழக்குக்கும் நெருங்குகிறோம். தன் உள்ளத்திலிருந்து எழுதிய பாட்டுக்கு வயது ஏறுவதால் குறைவில்லை. கேட் புஷ்ஷின் பாட்டு 37 ஆண்டு கழித்தும் புதிதாகத்தான் ஒலித்தது.

இப்போது நான் மிகவும் அஞ்சும் இடத்துக்கு வருகிறேன். மறுப்பு ஒரு கலைஞனுக்குச் செய்யும் பெருங்கேடு துக்கம் என்று நான் நினைக்கவில்லை. துக்கம் ஆறும். துக்கத்தில் போட்ட கையெழுத்து ஆறாது. இருபது மௌனங்களுக்குப் பிறகு பாட்டுகளைத் திரட்டி வைத்து உரிமை விற்கும் ஒரு மியூசிக் லைப்ரரியிலிருந்து ஆம் என்று ஒரு மின்னஞ்சல் வந்தால், பசித்தவன் சோற்றில் கல் பார்க்காத மாதிரி ஒப்பந்தத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். உலகம் முழுவதற்கும், காலவரையின்றி, முழு உரிமையோடு என்று அதில் இருக்கும். முன்பணம் ஒரு காசு இருக்காது. பாட்டைத் திரும்பப் பெறும் விதி இருக்காது. சில லைப்ரரிகள் முழு உரிமை கேட்பதில்லை. ஆனால் அதே பாட்டை வேறு தலைப்பில் பதிந்து, ஒளிபரப்பு வருமானத்தில் பதிப்பாளர் பங்கை எடுத்துக்கொள்ளும். ஒரே பாட்டு இரண்டு லைப்ரரிகளிலிருந்து இரண்டு பெயரில் ஒரே சூப்பர்வைசரின் மேசைக்கு வந்தால், யாரிடம் உரிமை பேசுவது என்று குழம்பி அவர் அதைத் தொடவே தயங்குவார். அமெரிக்காவில் பாட்டு ஒளிபரப்பானால் எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் பணம் பெற்றுத் தருவன, 1914இல் தோன்றிய ஆஸ்காப், பின்னால் வந்த பி.எம்.ஐ. போன்ற அமைப்புகள். அவை எந்தப் பாட்டு எத்தனை நொடி ஒலித்தது என்று எழுதிய க்யூ ஷீட் என்னும் தாளைப் பார்த்துத்தான் பங்கு பிரிக்கும். அந்தத் தாளில் தன் பெயர் என்னவாகப் போகிறது என்று கேட்காமல் கையெழுத்திடுவது, விளைந்த நெல்லைக் களத்திலேயே விட்டுவிட்டு வருவதற்குச் சமம். கட்டணம் வாங்கிக்கொண்டு பாட்டை எடுத்துச் செல்வதாகச் சொல்லும் இடங்களும் இருக்கின்றன. அவற்றில் நேர்மையானவையும் உண்டு. ஆனால் மறுப்பால் நொந்தவனுடைய நம்பிக்கையே விற்பனைச் சரக்காகிவிடும் இடங்களை அடையாளம் காண ஒரு வழி இருக்கிறது: அவர்களுடைய வருமானம் பாட்டுகள் திரைக்குப் போவதால் வருகிறதா, பாட்டுகளை அனுப்புகிறவர்களிடமிருந்தே வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

மௌனத்தை என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஏன் எடுக்கவில்லை என்று எழுதிக் கேட்காதீர்கள். 48 நொடி 11 நொடியான கதையை அவர் ஒவ்வொருவருக்கும் எழுதிக்கொண்டிருக்க முடியாது; பல சமயம் அவருக்கே காரணம் சொல்லப்பட்டிருக்காது. அடுத்து அனுப்பும்போது அவர் கேட்டதை மட்டும், மூன்றுக்கு மேல் போகாமல், சுருக்கமாக அனுப்புங்கள். மறுப்பைக் கண்ணியமாக ஏற்றவரின் பெயர் நினைவில் நிற்கும். சண்டை போட்டவர் பெயரும் நிற்கும். ஒரு பேரேடு வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாட்டு, எந்தத் தேதி, யாருக்கு, என்ன பிரீஃப், என்ன பதில். கடைசிக் கட்டத்தில் பெரும்பாலும் 'பதில் இல்லை' என்றுதான் இருக்கும். அதை அப்படியே எழுதுங்கள், 'பிடிக்கவில்லை' என்று மாற்றி எழுதாதீர்கள். இரண்டும் வேறு சொற்கள். இரண்டாவதை அவர்கள் சொல்லவே இல்லை. வீட்டைக் காலி செய்யும் அந்தக் காட்சியில் தோற்ற முதல் பாட்டுக்காரர் அன்றிரவே முன்னிசையை நாலு நொடியாக வெட்டி இன்னொரு வடிவம் செய்து வைத்திருந்தால், மூன்றாவது பாட்டின் நண்பரைத் தேடிப்போய்க் கையெழுத்து வாங்கி வைத்திருந்தால், பேரேட்டில் அந்தத் தேதிக்கு எதிரே அதையும் குறிக்கலாம். இன்னொரு மாலை இன்னொரு பிரீஃப் வரும்: ஆண் குரலா பெண் குரலா பரவாயில்லை, வாத்திய வடிவம் இருக்கிறதா, இன்று இரவுக்குள் அனுப்ப முடியுமா?